இன்னும் நாலு கோடு

"கோட்ட மிதிக்காதீங்க!"

தூக்கிக்கொண்டு போன நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தலைமாட்டில் பிடித்திருந்தவர் குனிந்து பார்த்தார். கூடத்துத் தரையில் சுவருக்குச் சுவர் வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடின. அவருடைய வலது கால் ஒரு கோட்டின் மேல் இருந்தது. எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல், சுமையோடு அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

"ஒன்னுமில்ல, நீங்க நடங்க," என்று சொல்லிவிட்டு மகள் அம்மாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் யாரோ, "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு," என்றார்கள்.

அவளுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நேற்றுக் காலையிலிருந்து தலை பளிச்சென்று இருந்தது, அதுதான் கொடுமை. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் கடைசியாக வாசலைத் தாண்டும்போது சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான். அதுவும், அந்தக் கோடுகளை ஆறு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தவளே அவள்தான்.

சாலையில் கோடு போடுவது அவர் வேலை. பாதசாரிகள் கடக்கும் பட்டைகள், வண்டி நிற்கும் எல்லை, பள்ளிக்கூட வாசலில் 'மெதுவாக' என்ற எழுத்து என்று ஊரில் பாதி வெள்ளை அவர் கைப்பட்டது. ஒரு விரற்கடை கோணினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். கெட்டிக்காரனைக் கோடு போடச் சொன்னால் ரோடே போட்டுவிடுவான் என்பார்கள். "இந்த மனுஷனுக்கு ரோடே போட்டுக் குடுத்தாலும் கோடு மட்டும்தான் போடுவாரு," என்று அவள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

பதினொரு நாளைக்கு முன்னால் காப்பகத்திலிருந்து ஒரு நாயோடு வந்து நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல."

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. பத்து வயசு. உயரம் முழங்கால் அளவுகூட இல்லை, பெயர் மட்டும் பெரியவன். அவள் அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு, குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே என்று வாலைப் பிடித்த மாதிரி திரிகிறவன். புதிதாக வந்ததோ நெட்டை. ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கிக் கிடக்கும். அதற்கு அவர் பெயர்கூட வைக்கவில்லை. "தங்கட்டும், அப்புறம் வெக்கலாம்," என்றார். அவள் அதைப் 'புதுசு' என்று கூப்பிட்டாள். அதன் வாசனை வந்த அன்றைக்கே பெரியவன் சாப்பாட்டை விட்டான்.

அவர் அசரவில்லை. முதல் மூன்று நாள் ஒன்றை ஒன்று பார்க்கவே விடவில்லை. புதுசைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அது படுத்த துணியை எடுத்து வந்து பெரியவன் படுக்கையில் போட்டார், பெரியவன் துணியை அங்கே கொண்டு போனார். நாலாம் நாள் சுண்ணாம்புத் தூள் தடவிய நூலைக் கொண்டுவந்து கூடத்தில் பத்துக் கோடு போட்டார். கதவுக்கு அந்தப் பக்கமும் அதே கணக்கில் பத்து. முதல் நாள் இரண்டு சாப்பாட்டுத் தட்டும் கதவுக்கு ரொம்பத் தள்ளி இருந்த கோட்டில். மறுநாள் ஒரு கோடு கதவை நெருங்கி. இப்படி நெருங்கி நெருங்கி, பத்தாம் நாள் கதவின் இரண்டு பக்கமும் மூக்கோடு மூக்காகச் சாப்பிட வேண்டும். அப்புறம் கதவைத் திறக்கலாம் என்பது அவர் திட்டம்.

"கல்யாணப் பேச்சுக்குக்கூட இவ்ளோ இழுக்க மாட்டாங்க," என்றாள் அவள். நூலின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டாள். அவர் அதை நாற்காலிக் காலில் கட்டிக்கொண்டு போட்டார்.

ஆறாம் கோட்டு அன்று சாயங்காலம் சண்டை. பெரியவன் பாதித் தட்டில் நிறுத்திவிட்டான் என்று அவளுக்குக் கோபம்.

"காலைல மொத வேலையா அதக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. என் நாய் செத்துடும்."

"பாதி சாப்பிட்டான்ல? நேத்து கால்வாசிதான். இன்னிக்கு உறுமவும் இல்ல. இன்னும் நாலு கோடு இருக்கு, பொறு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். காலையில் அவள் எழுவதற்குள் அவர் புதுசை நடக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவைப் பிராண்டும் சத்தம் கேட்டது. புதுசு தனியாக நின்றது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட்டுக் கிடந்தது. வழியில் எவனையாவது பார்த்துக் கதையளந்துகொண்டு கயிற்றை விட்டிருப்பார் என்று நினைத்தாள். அவளுக்குப் பின்னால் பெரியவன் ரோமம் சிலிர்த்து நின்றான். புதுசு உள்ளே வராமல் தெருவைப் பார்க்கிறது, அவளைப் பார்க்கிறது, மறுபடி தெருவைப் பார்க்கிறது. "ஒழுங்கா ஒரு கயித்தப் புடிக்கத் தெரியல, இதுல ரெண்டாவது நாய் ஒரு கேடு," என்று முணுமுணுத்தபடி அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். அது காலை ஊன்றிக்கொண்டது. "சனியனே, உள்ள போ!" என்று பின்னறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

அப்புறம் பாத்திரம் கழுவினாள். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கினாள். உள்ளே அது குரைத்துக்கொண்டே இருந்தது. தெருமுனைக் கடைக்காரர் ஓடி வந்தபோது அவள் கையில் கடைசித் தட்டு இருந்தது.

இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி மருத்துவரிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி இரண்டு. வாடகை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவருடைய அக்கா, சும்மா உட்கார முடியாதவர், வாளியும் துணியுமாகக் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவிலிருந்து ஆரம்பித்துப் பாதிக் கூடம் ஈரமாகப் பளபளத்தது. கதவுப் பக்கத்து நாலு கோடும் இல்லை.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"ஒரே வெள்ளையா கெடந்துதும்மா, வழுக்கி விழப்போறாங்கன்னு தொடச்சேன். இந்த நாய்தான் நகர மாட்டேங்குது. ரெண்டு தடவ வெரட்டிட்டேன்."

பெரியவன் ஆறாம் கோட்டின் மேல் படுத்திருந்தான். முகம் சாத்திய கதவைப் பார்த்து இருந்தது. அவன் வயிற்றுக்குக் கீழே போனதால் அந்தக் கோடு தப்பித்திருந்தது. நேற்றிலிருந்து அவனுக்கு யாரும் தட்டு வைக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சுவரோரம் நூலு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அவரோடு நூலின் மறுமுனையைப் பிடித்தவர், அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம். இரண்டு நாளாக அழுது கண் வீங்கியிருந்தது. மிச்சமிருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இது மேஸ்திரி போட்டதாக்கா?" என்றார்.

"வேற யாரு போடுவா இந்தக் கூத்த?"

"சும்மா போடல. பாருங்க, அங்க எடவெளி அகலம், கதவு பக்கம் வர வர நெருக்கம். நாற்சந்தி வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் போடுவோம். வண்டிக்காரனுக்கே தெரியாம வேகம் கொறஞ்சிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மறுபக்கம் யாரு புடிச்சா?" என்று கேட்டார்.

"நாற்காலி," என்றாள் அவள்.



மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "காப்பகத்துல பேசிட்டேன்மா. நாலு மணிக்கு வந்து அதக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நீ ஒண்டியா ரெண்ட எப்படிப் பாத்துப்ப?"

அவள் தலையாட்டினாள். போகட்டும் என்றுதான் இருந்தது. அதைப் பாரம் என்று அவள் நினைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் அது மூச்சு விடும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. வந்து சொன்ன ஒரே ஜீவன் அது. அவள் என்ன செய்தாள் என்று தெரிந்த ஒரே ஜீவனும் அதுதான்.

நாலு மணிக்குச் சொன்ன மாதிரி வண்டி வந்தது. காப்பகத்துப் பெண் செருப்பை வெளியே விட்டு, மெதுவாக உள்ளே வந்து, "மன்னிச்சிடுங்க, இந்த நாள்ல வர வேண்டியதாப் போச்சு," என்றாள். கையில் ஒரு கயிறு. மகள் பின்னறைத் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

பெரியவன் எழுந்து உட்கார்ந்தான். உறுமவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உட்காருகிற மாதிரி, முன்னங்கால் இரண்டையும் கோட்டில் ஒட்டி வைத்து உட்கார்ந்தான். அவர் இருந்திருந்தால், பாத்தியா என்று அவளைப் பார்த்திருப்பார்.

"தொறக்காத," என்றாள்.

"அம்மா, அவங்க வெயிட் பண்றாங்க."

"அது வந்துச்சுடி."

"எது?"

"நேத்து. அப்பா விழுந்ததும் நேரா வீட்டுக்குத்தான் வந்துச்சு. வந்து கதவத் தட்டுச்சு, தெருவக் காட்டுச்சு. நான் சனியனேன்னு திட்டி உள்ள தள்ளிப் பூட்டிட்டேன். கத்துச்சு, கத்திக்கிட்டே இருந்துச்சு. நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்."

மகளின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. நாத்தனார் பிழிந்துகொண்டிருந்த துணியை வாளிக்குள் விட்டார்.

"எவ்ளோ நேரம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இருபது நிமிஷம்."

மகள் கதவில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கதவின் அந்தப் பக்கம் நகம் தரையில் உரசி நடந்து வந்து, அவள் முதுகுக்கு நேராக நின்றது. கீழ் இடுக்கில் மூக்கு வைத்து முகர்ந்தது. மகள் ஒரு விரலை அந்த இடுக்கில் வைத்தாள். வெகு நேரம் அதை எடுக்கவே இல்லை.

காப்பகத்துப் பெண் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "அப்ப நான்..." என்று இழுத்தாள்.

"பதினாலு நாள் வெச்சுப் பாத்துட்டு முடிவு சொல்லலாம்னு தானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. ஆனா உங்க நெலமைல..."

"ஒரு நாள் கூடுதலா ஆகும். இன்னும் நாலு கோடு இருக்கு," என்றாள் அவள்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மகள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டு தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்றை அம்மாவிடம் நீட்டினாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, கதவை ஒருக்களித்துத் திறந்து, உடம்பைக் குறுக்கிப் பின்னறைக்குள் நுழைந்து சாத்திக்கொண்டாள்.

அவள் நூலுவைப் பார்த்தாள். நூலு சட்டைப் பையில் கைவிட்டார். இழவு வீட்டுக்கு வந்த மனுஷன் பையில் நூற்கண்டும் சுண்ணாம்புப் பொட்டலமும் இருந்தன. பழக்கம் அப்படி.

ஈரம் காய்ந்திருந்தது. நூலு ஆறாம் கோட்டிலிருந்து விரலால் அளந்து, எதிர்ச் சுவரோரம் போய்க் குந்தினார். இந்தப் பக்க முனையை அவள் பிடித்தாள்.

"தரையோட அழுத்தி, இறுக்கிப் புடிங்கக்கா. நடுங்கக் கூடாது."

"நடுங்கல."

நடுங்கியது. நூலு கையை எட்டி நூலைத் தூக்கி விட்டார். பட்டென்று தெறித்து ஏழாவது கோடு விழுந்தது. அவள் பக்கம் ஒரு விரற்கடை கோணியிருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். நூலுவின் கை துடைக்கிற துணியை நோக்கிப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. அவர் நூலைக் கண்டில் சுற்றத் தொடங்கினார்.

அவள் தட்டைக் கோட்டில் வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தட்டு தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. பெரியவன் எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ஒரு கோடு முன்னால் வந்தான்.