மரியம்மா அன்ரியின் றிச் கேக்

கிளிபோட்டின் காரில் ஒரு கருவி பூட்டியிருக்கிறது. அதில் வாய் வைத்து ஊதி, மூச்சில் மது இல்லை என்று அது ஒப்புக்கொண்டால்தான் கார் ஸ்ராட் ஆகும். ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். அவன் குடித்துவிட்டு கார் ஓடிப் பிடிபட்டது எல்லைப் பாலத்துக்கு அந்தப்பக்கம், பஃபலோவில், ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது. "அமெரிக்காவில பட்ட கேஸ் பாலம் தாண்டி வராது, நீ பேசாமல் இரு" என்று சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்போல அன்புராசா அண்ணை சொன்னார். கேஸ் பாலம் தாண்டிக் கனடாவுக்கு வந்தது. ஒன்ராறியோ அரசு லைசென்ஸைப் பறித்து, திருப்பித் தரும்போது இந்தக் கருவியையும் தலையில் கட்டிவிட்டது. அண்ணை இப்போது வேறு ஆட்களுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொந்தத்தில் அவரைத் தவிர ஒருவருக்கும் விஷயம் தெரியாது. லைசென்ஸ் இல்லாத மாதங்களில், முதுகு நோ, அதுதான் கார் ஓடுவதில்லை என்று சொல்லிச் சமாளித்தான்.

மகள் ஸ்டெபனிக்கு மட்டும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றைக்குப் பின் சீற்றில் இருந்தவள் அவள். பொலிஸ்காரன் குனிந்து கேட்டபோது, "கலியாணத்தில் றிச் கேக் சாப்பிட்டேன், அதில் பிராண்டி" என்றான் கிளிபோட். பிள்ளையையும் சொல்லச் சொன்னான். சின்னப்பிள்ளை, அப்பாவை நம்பிச் சொன்னாள். பிறகு அவளுக்கு முன்னாலேயே அவனுக்கு விலங்கு போட்டார்கள். அதன்பின் அவள் அவனுடைய காரில் ஏறவில்லை. கார் இல்லாமல் பால் வாங்கவும் போகமுடியாத ஸ்ரௌவ்வில்லில், பனிக்குள் நடந்து பள்ளிக்கூடம் போனாள்.

கிளிபோட் அன்றோடு குடியை விட்டான். விட்டதற்காகப் பெருமையும் இல்லை, குடிக்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. எல்லாம் மரத்துப்போய் இருந்தது.

இந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் என்றும் பாராமல், மனைவி கிளடிஸுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. "அன்ரி வீட்டுக்கு நான் அப்பாவோட போறன்" என்றாள் ஸ்டெபனி, தானாகவே. அவன் ஊதினான். பச்சை விளக்கு எரியும்வரை பார்த்திருந்து முன் சீற்றில் ஏறினாள். பாதி வழியில் தன் ஃபோனைக் கொழுவிப் பாட்டுப் போட்டாள். சந்தோசப்படக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது.

ஸ்காபரோவில் மரியம்மா அன்ரியின் வீட்டில் போத்தல்கள் சுற்றிவந்தன. அவன் ஜிஞ்சர் பியர் குடித்தான். வெளிக்கிடும்போது அன்ரி வாசலில் மறித்தார். ஒக்ரோபரிலேயே பழவகைகளைப் பிராண்டியில் ஊறப்போடுகிற மனிசி, நத்தாருக்கு வந்தவர்களைக் கேக் தீத்தாமல் படியிறங்க விடமாட்டார்.

"ஆவெண்டு திற பாப்பம். கிளடிஸுக்கும் கட்டித் தந்திருக்கிறன்."

வாயைத் திறந்தான். பெற்ற தாயைப்போல ஊட்டுகிறவரிடம் யார் மாட்டேன் என்பார்கள்? மென்றபடியே காருக்கு வந்து ஊதினான்.

சிவப்பு எரிந்தது.

ஸ்டெபனி விளக்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான் குடிக்கேல்லை பிள்ளை. அன்ரி தீத்தின கேக். அதில பிராண்டி…"

சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. அதே வசனம்.

"சீரியஸ்லி, அப்பா?" அவள் கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள்.

போத்தல் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துப் பனியில் துப்பினான். கருவி மறுபடி கேட்கும்வரை காத்திருந்து ஊதினான். பச்சை. எஞ்சினை ஓடவிட்டு இறங்கினான்.

ஸ்டெபனி, விருந்துக்கு வந்திருந்த கஜனி மாமியுடன் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"வந்து பார், பச்சை எரியுது. கேக்தான் பிள்ளை, சத்தியமா."

"இருக்கலாம், அப்பா." மூக்கைத் துடைத்தாள். "அண்டைக்கு நான் பொலிஸிட்ட சொன்னனான். ஐ பிலீவ்ட் யூ. இன்னொருக்கா என்னால ஏலாது."

ஸ்டெபனியை ஏற்றிக்கொண்டு கஜனி மாமியின் கார் முன்னால் போனது. கொஞ்ச நேரம் அதன் பின்னால் போனான். பிறகு ஒரு சிக்னலில் தவறவிட்டான்.

மார்க்கம் நகரைத் தாண்டும்போது கருவி திரும்பவும் ஊதச் சொல்லிக் கத்தியது. ஊதினான். பச்சை எரிந்தது. பச்சையைக் காட்டப்போவதுபோல் பக்கத்துச் சீற்றைத் திரும்பிப் பார்த்தான். அதில் கிளடிஸுக்குக் கட்டித் தந்த கேக் இருந்தது.