தையல்காரர் வீட்டு ஒப்பந்தம்

அவளுக்கு வாயாடி என்று பேர் வைத்தது அண்ணிதான். வைத்ததில் தப்பில்லை. அந்த வாயால் ஏற்கெனவே இரண்டு வேலை போயிருந்தது. துணிக்கடையில், "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது" என்று வாங்க வந்தவரிடமே சொன்னாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, வலிக்குமா என்று கேட்டவர்களிடமெல்லாம் வலிக்கும் என்றாள்.

மூன்றாவதாகக் கிடைத்தது பேசுவதற்கே சம்பளம் தரும் வேலை. வீடு வீடாகப் போய் ஓட்டுப் போடச் சொல்லி, "போடுவேன்" என்று உறுதி அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். யாருக்கு என்று மூச்சு விடக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு புகார் வந்தாலும் பேட்ஜைக் கழற்றிவிடுவேன் என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். இதுவும் போனால் அண்ணி முகத்தில் எப்படி முழிப்பது?

எல்லாக் கதவும் மசிந்தது. மூன்றாம் மாடித் தையல்காரர் வீடு மட்டும் மசியவில்லை.

"நான் ஒரு கட்சி, இவ நேர் எதிர்க்கட்சி," என்றார் தையல்காரர், கழுத்தில் டேப்போடு. "ரெண்டு ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிடும். அதுக்கு எதுக்கும்மா வெயில்ல நிக்கணும்? ரெண்டு பேருமே போறதில்லைன்னு முப்பது வருஷமா ஒப்பந்தம்."

"அன்னிக்கு முழுக்கச் சீட்டாடுவோம்," என்றாள் அவர் மனைவி. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நல்ல மனுஷியாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு இறங்கியிருப்பாள். வாயாடிக்கு நாக்கு அரித்தது. மறுநாள் குப்பைப் பையோடு படியிறங்கிய நர்ஸம்மாவைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏம்மா, ஐயா போகமாட்டார்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். இதில் பொய்யும் இல்லை, கட்சியும் இல்லை. ஆனால் இதற்கு நம் ஊரில் வத்தி வைப்பது என்று பேர். சாயங்காலம் தையல்காரரிடமும் அதே கேள்வி. இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள். "வீட்டுல சொல்லிடாத," என்று தனித்தனியாகவே கெஞ்சவும் செய்தார்கள்.

தேர்தல் நாளன்று வாயாடி வாக்குச்சாவடிக்கு வெளியே தெருவில் உட்கார்ந்து, வருபவர்களைப் பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு நர்ஸம்மா மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் உள்ளே போனதும் தையல்காரர் பட்டன் வாங்கப் போகிறவர்போல வந்து ஆண்கள் வரிசையில் நின்றார். ஓட்டைப் போட்டுவிட்டு வெளிவாசலுக்கு வந்தவர், அங்கே பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துவிட்டார்.

வாயாடி பட்டியலைப் பேட்ஜின் மேல் அணைத்துக்கொண்டாள். பக்கத்திலேயே மேற்பார்வையாளர். அதைவிட, அந்த இரண்டு முகங்களையும் பார்த்தபோதுதான் தான் செய்தது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. முப்பது வருஷ நம்பிக்கையை ஒரு கேள்வியில் கிழித்துவிட்டாளே!

"நீயா?" என்றார் தையல்காரர்.

"நீங்களா?" என்றாள் அவள்.

அவர் கண் கலங்கிவிட்டது. "நீ என்னை நம்பி மாத்திரை வாங்கத்தான் போயிருக்கேன்னு நினைச்சேன். என் ஆளுக்குப் போடக் கை வரலம்மா. உன் ஆளுக்கே போட்டுட்டேன்."

நர்ஸம்மா அவர் கையைப் பிடித்தாள். "நானும் உங்க ஆளுக்குத்தாங்க," என்றாள்.

அவர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். ரெண்டு ஓட்டும் மறுபடியும் கழிந்துவிட்டதாம். மேற்பார்வையாளர் கிட்டே வந்து, "இந்தப் பொண்ணு ஏதாவது தொந்தரவு பண்ணாளா?" என்று கேட்டதற்கு, "தங்கமான பொண்ணு சார்," என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

வாயாடிக்குப் போன உயிர் வந்தது. நர்ஸம்மா எழுந்திருக்க, பக்கத்தில் வந்த அவள் தோளைப் பிடித்தாள். காதருகில் குனிந்தாள்.

"நான் என் ஆளுக்குத்தான் போட்டேன். முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் எங்க வீட்டு ஓட்டு ரெண்டும் ஒரே பக்கம். அவர்கிட்ட மூச்சு விட்டே, புகார் குடுத்துடுவேன்."

தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு தையல்காரர் கையாட்டினார். நர்ஸம்மாவும் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டு நடந்தாள்.

"என்ன சொல்லிட்டுப் போறாங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

வாயாடி வாயைத் திறந்தாள். ஆட்டோவைப் பார்த்தாள்.

"வெயில் ஜாஸ்தின்னாங்க சார்."