எவரெட் ஒளித்து வைத்தது

சிகிச்சைக்குப் பிறகு ஒரு மனிதர் உண்மையிலேயே மாறினாரா என்று கண்டுபிடிக்கும் கணக்குமுறைகளை உருவாக்குவது எவரெட்டின் வேலை. புதிய முறையைச் சோதிக்க, இல்லாத நோயாளிகளை அவனே படைப்பான். அவர்களுடைய மனச்சோர்வு எண்களுக்குள் ஒரு மாற்றத்தை ஒளித்து வைப்பான். அதே துறையில் வேறோர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இங்கா அதைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் கனடாவின் வின்னிபெக் நகரில் எவரெட்டின் வீட்டுச் சமையலறையில், இங்கா கொண்டுவரும் பிளம் கேக்கோடு இந்த ஆட்டம் நடக்கும்.

அவன் மனைவி ஹேசல் காபி ஊற்றுவாள். மனநல மருத்துவமனையில் நிஜ நோயாளிகளைக் கவனித்தே ஆயுசைக் கழித்தவள் அவள். அவளை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.

"எட்டாவது வாரத்துல வச்சிருக்க. மருந்து சாப்பிட்டவங்கள்ல மட்டும்," என்பாள் இங்கா.

"அடிப்பாவி! என் மண்டைக்குள்ள ஏறிப் பாத்தியா?"

இங்கா வருவதற்கு முன் இந்த வீட்டில் அவன் இப்படிச் சிரித்ததில்லை. ஹேசலுக்கு வயிறு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, குளிரில் உறையாமல் தன் கார் எஞ்சினைச் சூடாக வைத்திருந்த மின்வயரைப் பிடுங்கிக்கொண்டு இங்கா கிளம்பியதும், "எனக்கும் ஒண்ணு குடு" என்றாள் ஹேசல்.

கல்யாணத்துக்கு வந்த பாதிரியார்போல முகத்தை வைத்துக்கொண்டு, நோயாளிக்கு ஒரு கோடாக எண்களை வரைந்த ஒரு தாளை எவரெட் கொடுத்தான். ஞாயிறு மதியம் அவள் மூன்று கோடுகளைத் தொட்டுக் காட்டினாள்.

"இவங்க தெளிஞ்சிருக்காங்க."

"அதுல ஒண்ணுமே வைக்கல, ஹேசல். சும்மா ஏறி இறங்குற நம்பர்."

"என்னை முட்டாளாக்குனியா?"

"இல்லாதத யாரு பாக்குறாங்கன்னும் தெரியணும்ல? இங்காவுக்கும் அப்படிக் குடுப்பேன்."

"மறுபடியும் இங்கா! அவ வந்ததுலேர்ந்து நீ மாறிட்ட."

"முன்ன ஒரு நம்பர், பின்ன ஒரு நம்பர்னு ரெண்ட மட்டும் பாத்துட்டு மாறிட்டான்னு சொல்லக் கூடாது, கண்ணு."

மாறவில்லை என்று அவன் சொல்லவில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

மார்ச்சில் வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது எவரெட்டின் இதயம் நின்றது.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து இங்கா வந்தாள். கேக் இல்லை. கையில் ஒரு தாள்.

"கடைசியா குடுத்தது. எல்லா முறையும் போட்டுப் பாத்துட்டேன். என்ன வச்சான்னே தெரியல."

இந்தத் துக்கத்தையும் இவளோடு பங்கு போட வேண்டுமா? ஹேசல் தாளை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பிறகு தாளைப் பார்க்காமலே கேட்டாள்.

"குடுக்கும்போது மூஞ்சிய எப்படி வச்சிருந்தான்?"

"ரொம்ப பவ்யமா. பாதிரியார் மாதிரி."

"அப்ப ஒண்ணுமே வைக்கல."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீ வெள்ளிக்கிழமை மட்டும்தான் பாத்த. நான் தினமும் பாத்த மூஞ்சி அது."

இங்கா தாளுக்காகக் கை நீட்டினாள். ஹேசல் அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு, காபி போடுறேன்," என்றாள்.