உள்ளே போட்ட பாலிஷ்

தங்கை செய்த முதல் கூட்டுப்பெட்டியைப் பார்த்து மாமா சிரித்த சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்த டீ அவர் மூக்கில் ஏறிவிட்டது.

"இது என்னம்மா டிகிரி, குருவிக்கு வீடா, ஜெயிலா? தொட்டா கை கிழியுது."

மாமா, அம்மாவின் தம்பி. அவர் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் என்பதால் 'டிகிரி.' மரியாதைக்கு இல்லை, குத்துவதற்கு. விலங்கியல் படிக்கப்போகிறாள் என்றபோது, "மாடு மேய்க்க எதுக்குப் பட்டம்?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டு ஓய்ந்தவர். அவளை அந்த வாசலுக்கு அனுப்பியது அக்கா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மரச்சாமான் பட்டறையில் உப்புத்தாளைப் பிடித்த கை அது. பட்டறையில் அவளைப் 'பாலிஷக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பலகையை அறுக்கச் சொன்னா பல்லால கடிச்சு வச்சிருக்கியேடி."

"அறுத்தேனில்ல? அது போதும்."

"போதாது. நம்ம வீட்டுச் சுவத்துல தொங்கப்போறது. இழுப்பறையை உருவி உள்ள கையை விட்டுப் பார்த்தாலே என் வேலைன்னு பட்டறையில சொல்லுவாங்க. என் மானத்தை வாங்காத, குடு இப்படி."

பெட்டி வேண்டியிருந்தது பின்கட்டில் குடியிருந்த ஒரு குண்டுக்கரிச்சான் ஜோடிக்கு. நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவான அந்த முற்றத்தில் ஒரு பட்டமரம் நின்றது. அதன் பொந்துதான் அவற்றுக்கு வீடு. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டுக்காரம்மா மரத்தை வெட்டச் சொல்லிவிட்டார். வெட்டிய மறுநாளும் கரிச்சான்கள் துணிக்கொடியில் வந்து உட்கார்ந்து, மரம் நின்ற இடத்தைப் பார்த்துக் கத்தின. தங்கை நேரே மாடிக்கு வீட்டுக்காரம்மாவிடம் போய், "அதுங்க வீட்டை இடிச்சுட்டீங்க, சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடுங்க," என்று கேட்டாள். கேட்ட தொனியிலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

அவள் அளவு சொல்ல, அக்கா செய்தாள். உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, ஓட்டை பெட்டியின் அடியிலிருந்து இவ்வளவு மேலே, ஒரு பக்கம் திறந்து மூட வேண்டும். அதிகாரி உத்தரவு போடுவதுபோல எல்லாம் சொன்னாள். எது எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. பட்டறையில் மிஞ்சிய மரத்தில், சாப்பாட்டு இடைவேளைகளில் பெட்டி உருவானது. சாய்வான கூரை, சின்னக் கீல், நகம் நுழையாத பொருத்தம். பாலிஷ் வாசம் போக மொட்டைமாடியில் காயவைத்து எடுத்துவந்தபோது மாமாவே குறை தேடித் தேடித் தோற்றுப்போனார். தங்கை அன்றைக்கே சுவரில் ஏற்றினாள். உள்ளே என்ன, நான்கு பலகைதானே என்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

கரிச்சான்கள் குடிவந்தன. அதோடு முற்றமே மாறிப்போனது. துணி காயப்போட வந்தவர்கள் உதறாமல் மெதுவாக விரித்தார்கள். வீட்டுக்காரம்மா தன் சம்பந்தியைக் கூட்டிவந்து "எங்க குருவி" என்று காட்டினார். மரத்தை வெட்டியவர் வாயால் 'எங்க குருவி'! தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். குஞ்சுகளின் கீச்சுக்கீச்சுச் சத்தம் கேட்ட அன்று அக்கா பட்டறைக்கே தாமதமாகப் போனாள்.

பறக்கவேண்டிய நாள் வந்தது. தாயும் தகப்பனும் வாயில் புழுவை வைத்துக்கொண்டு கொடியில் உட்கார்ந்து கூப்பிட்டன. உள்ளே போய் ஊட்டவில்லை. வெளியே வா, தருகிறேன் என்று அழைத்தன. பெட்டிக்குள் சர் சர்ரென்று சத்தம். ஏறும், சறுக்கும். மறுபடி ஏறும், சறுக்கும். வெயில் தாழத் தாழ அந்தச் சத்தமும் தளர்ந்தது.

மாமா நாற்காலியை முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார். "உள்ள பொறக்கத் தெரிஞ்சுது, வெளிய வரத் தெரியலை. அதுங்களுக்கும் ஒரு டிகிரி குடுத்துப் பாரேன்."

தங்கை ஏணியில் ஏறிப் பெட்டியின் பக்கக் கதவை ஒரு விரல் அகலம் திறந்தாள். மெல்லிய கூட்டின் மேல் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி ஒண்டிக்கிடந்தன. உட்சுவரில் விரலை வைத்தாள். கண்ணாடிமேல் வைத்ததுபோல வழுக்கியது. அவள் முகமே அதில் மங்கலாகத் தெரிந்தது.

சரியாக அப்போதுதான் புருவமெல்லாம் மரத்தூளோடு அக்கா உள்ளே வந்தாள்.

"அக்கா, உள்ளயுமா பாலிஷ் போட்ட?"

"மூணு கோட்டிங்." அக்கா பெருமையாகத்தான் சொன்னாள்.

"குஞ்சு எதைப் பிடிச்சு ஏறும்? அதுங்க செத்துரும்க்கா! யாரு உன்னை உள்ள மினுக்கச் சொன்னது?"

அக்கா முகம் சுருங்கியது. அடுத்த நொடியே சீறினாள். "யாருடி வேணாம்னு சொன்னது? அளவு சொன்ன, ஓட்டை சொன்ன. குஞ்சு சுவத்துல ஏறித்தான் வெளிய வரும்னு ஒரு வார்த்தை சொன்னியா? நான் என்ன உன்கூட காலேஜுக்கா வந்தேன்?"

தங்கைக்குக் கோபம் இருந்தது, ஆனால் அது போய் நிற்க வேண்டிய இடம் தானேதான் என்று புரிந்தது.

"சொல்லலை," என்றாள். "என் தப்புதான்."

குஞ்சு பிடித்து ஏற உள்ளே சாய்த்துவைக்கலாமென்று, அக்கா ஒரு பலகையை எடுத்து உளியால் கோடு கீறினாள். நேராக, ஒரே ஆழத்தில், கோலை வைத்து இழுத்ததுபோல. கீறிய இடத்தைக் கை தன்னாலேயே தேய்த்தும் விட்டது.

"சொரசொரன்னு வேணும்க்கா. கோணலா கீறு."

"கோணலா என் கைக்கு வரலைடி!"

இருவர் கண்களும் ஒரே சமயத்தில் பின்கதவுக்குப் போயின. கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, தங்கையின் முதல் பெட்டிப் பலகை ஒன்றை அங்கே முட்டுக் கொடுத்திருந்தார்கள். பல்லால் கடித்த அதே பலகை.

அக்கா அதை உருவினாள். தொட்டுப் பார்த்தாள். "நல்லாவே கிழியுது," என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டைக்குக் கீழே சாய்த்து வைக்கிற அளவுக்கு அதை நறுக்கினாள். கூரான சிராய்களை மட்டும் தட்டிவிட்டு, மீதியை அப்படியே விட்டாள்.

"மாமா, ஏணியைப் பிடிங்க," என்றாள் தங்கை. "வாயால இல்ல, கையால."

மாமா பிடித்தார்.

பலகை சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. கதவு மூடியது. எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மாடியில் வீட்டுக்காரம்மா டிவியை நிறுத்திவிட்டார். கொடியிலிருந்து தாய் கூப்பிட்டது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். சறுக்கவில்லை. ஓட்டையில் ஒரு தலை முளைத்தது. உலகம் இவ்வளவு பெரிதா என்பதுபோல முழித்தது, பிறகு தொபுக்கென்று துணிக்கொடியில் விழுந்து தொற்றிக்கொண்டது. அது பற்றிக்கொண்டிருந்தது அங்கே காய்ந்துகொண்டிருந்த மாமாவின் வேட்டியை. கடைசிக் குஞ்சும் வெளியேறும்வரை மாமா வேட்டியை எடுக்கவும் இல்லை, யாரையும் எடுக்கவிடவும் இல்லை.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் தனக்கும் ஒரு பெட்டி வேண்டுமென்று பட்டறைக்கே போனார். அக்கா ஏற்கெனவே செய்து வைத்திருந்த இன்னொரு பெட்டியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்து, "என்னம்மா, உள்ள இப்படி முள்ளா இருக்கு?" என்று கேட்டார்.

பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாலிஷக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அது வேணும்னே அப்படி வச்சதுங்க. உள்பக்கம் என் தங்கச்சி வேலை. எனக்கு வராது."