வியாழக்கிழமைக்கு ஒரு துப்பாக்கி

முப்பத்தாறு வயது வரை முக்பிலுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. அவன் ஹுதைதா துறைமுகத்துக்காரன். அங்கே ஆண்பிள்ளை தோளில் வலையைப் போட்டுக்கொண்டு நடப்பானே தவிர துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு நடக்கமாட்டான். லாரி ஓட்டிக்கொண்டு மலையேறியவன் மலையிலேயே பெண்ணும் எடுத்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

மலைக்காரர்களும் வாய்ச்சொல்லை நம்புகிறவர்கள்தான். ஒருமுறை அதை உடைத்தவனை மட்டும் நம்பமாட்டார்கள். அப்படிப்பட்டவன் மறுபடி வாக்குக் கொடுக்க வந்தால், தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஈடாக வைக்க வேண்டும். ஒரு வருஷம் வாக்குத் தவறாமல் இருந்தால் துப்பாக்கி திரும்பி வரும். தவறினால் போனது போனதுதான். முக்பிலின் மனைவி தகிய்யா ஏழு மாதமாக அப்பா வீட்டில் இருந்தாள். அவளைக் கூட்டிப்போக வேண்டுமானால் துப்பாக்கியோடு வா என்று மாமனார் ஹிஜாம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அது அவளுக்குச் செய்கிற அநியாயம். அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்திருப்பதாகச் செய்தி வந்தபோது, வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றான் முக்பில். வியாழக்கிழமை சிமென்ட் லோடு கிடைத்தது. அடுத்த வியாழன் என்றான். அன்று டயர் வெடித்தது. அதற்கும் அடுத்த வியாழன் என்று சொல்ல, அவளும் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவன் மதிய வெயிலில் நண்பர்களோடு போதை தரும் காத் இலையை மென்றுகொண்டு, இதோ கிளம்புகிறேன், அதோ கிளம்புகிறேன் என்று பொழுதை விட்டுவிட்டான். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அம்மாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். தகிய்யா அழுததை அவன் பார்க்கவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் மட்டும் லாரியில் திரும்பி வந்தான்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரேடியோவில் செய்தி வாசிப்பவனோடு சண்டை போடுவாள். "பொய் சொல்லாத, போன வாரமும் இதத்தான் சொன்ன" என்று ரொட்டி மாவைத் தட்டிக்கொண்டே அதட்டுவாள். இப்போது வீட்டில் ரேடியோ தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, மறுத்துப் பேச ஆள் இல்லை. முக்பில் அதை அணைத்துவிட்டு லாரியிலேயே படுத்துக்கொள்ளப் பழகினான். அவளை நினைக்காமல் இருக்க எவ்வளவோ பார்த்தான், ஏறிய மேடெல்லாம் அவள் ஊர்ப் பக்கமாகத்தான் ஏறுவதுபோல் இருந்தது.

அவனுக்குத் துணையாகச் சந்தைக்கு வந்தவன் தைஃபுல்லா. இவனும் லாரிக்காரன்தான், ஆனால் மலையில் பிறந்தவன். துப்பாக்கி விஷயத்தில் தன்னை மிஞ்சிய ஆள் கிடையாது என்பது அவன் நினைப்பு. வழியெல்லாம் அவன் அடித்த அரட்டை ஒரே விஷயத்தைப் பற்றி: ஜெர்மன் முத்திரை. அந்தக் காலத்தில் துருக்கிப் பட்டாளம் விட்டுப்போன ஜெர்மன் துப்பாக்கிக்கு மலையில் இருக்கிற மவுசே தனி. மேல்பக்கத்தில் கிரீட முத்திரை தெரிந்தால் கிழவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடவிப் பார்ப்பார்கள், தங்கள் பேரனைப் பார்க்கிற மாதிரி.

கடைக்காரன் ஸினான் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்றில் கிரீட முத்திரை பளிச்சென்று இருந்தது. கட்டையில் வெள்ளிக் கம்பி இழைத்திருந்தார்கள், எண்ணெய் போட்டுத் துடைத்ததில் முகம் பார்க்கலாம். இன்னொன்றைப் பார்த்தால் பிச்சை போடலாம் என்று தோன்றும். முத்திரை இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரத்தால் ராவிவிட்டிருந்தார்கள். கட்டையில் விரிசலுக்குத் தகரப்பட்டை அடித்திருந்தது. எந்த ஊரில் செய்தது, யார் செய்தது, ஸினானுக்கே தெரியாது.

சந்தைக்குப் பின்னால் வறண்ட ஓடையில் இரண்டையும் சுட்டுப் பார்த்தார்கள். முக்பில் அதற்கு முன் சுட்டதில்லை. எதிர்க்கரையில் ஒரு வெள்ளைக் கல்லைக் குறி வைக்கச் சொன்னார்கள். பேரில்லாத துப்பாக்கியை அவன் தோளில் பொருத்தியதும், அது அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. விசையை அழுத்தினான், கல் தெறித்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி தெறித்தது. ஒன்று விடாமல் எல்லாத் தோட்டாவும் வெடித்தது. முத்திரைத் துப்பாக்கி முதல் தோட்டாவை இடப்பக்கம் எங்கோ கொண்டுபோய்ப் போட்டது. இரண்டாவதுக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. தோட்டா பழசு என்றான் ஸினான். மூன்றாவது வெடித்தது.

முக்பில் முட்டாள் இல்லை. பதினைந்து வருஷமாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வயிற்றுப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு அந்த 'டிக்' என்ன என்று தெரியும். தோட்டா பழசில்லை, உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பேரில்லாததைத் திரும்பக் கையில் எடுத்தான். கீழே வைக்க மனம் வரவில்லை.

"அத வெச்சிரு" என்றான் தைஃபுல்லா. "நீ என்ன சண்டைக்கா போற? ஈடு வெக்கப் போற. அங்க எவன் சுட்டுப் பாக்கப் போறான்? ஒரு வருஷம் உங்க மாமனார் வீட்டுச் சுவத்துல தொங்கும். தொங்குறதுக்கு மொகம் வேணும்டா. இந்த ஒட்டுப்போட்டத கொண்டுபோய் வெச்சா, எம்பொண்ணோட மதிப்பு இவ்வளவுதானான்னு கேப்பாரு."

அந்தக் கடைசிச் சொல் முக்பிலைத் தைத்துவிட்டது. தகிய்யாவின் மதிப்பு என்று வந்தால் அவன் உலகத்திலேயே நல்லதைத்தான் வைப்பான். நல்லது எது என்று அவன் தோளுக்குத் தெரியும், ஆனால் பார்க்கப்போவது மாமனார் கண் அல்லவா? முத்திரையை வாங்கினான். திரும்பும் வழியில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தகிய்யா முன்சீட்டில் உட்கார்ந்தால் எங்கே கால் வைப்பாள், சல்தா குழம்பை எந்தக் கடையில் நிறுத்திச் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஹிஜாமின் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். வந்தவர்களுக்குக் காப்பித்தோல் கஷாயம் ஊற்றினார்கள். முக்பிலுக்கும் ஊற்றினார்கள், ஆனால் கடைசியில். ஹிஜாம் பெண்டாட்டி போனதிலிருந்து பாதியாக இளைத்திருந்தார். துப்பாக்கியை வாங்கினார், முத்திரையைத் தடவினார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி முற்றத்தைச் சுற்றி வந்தது. எல்லாருக்கும் திருப்தி. தைஃபுல்லா முக்பிலின் விலாவில் இடித்தான். நான் சொன்னேன் பார்த்தாயா என்று அதற்கு அர்த்தம்.

அப்புறம் ஹிஜாம் துப்பாக்கியை முக்பிலிடமே நீட்டி, சுடு என்றார்.

முக்பிலுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். அந்தப் பள்ளத்தாக்கில், ஈடு வைக்கிறவன் தன் கையால் ஒரு வெடி வெடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். எதிர்மலை ஊர்களுக்கெல்லாம் கேட்க வேண்டும், இன்னார் வீட்டு விவகாரம் தீர்ந்தது என்று. தைஃபுல்லா ஊர் மலையில் இந்த வழக்கம் கிடையாது. அவன் முகம் சுண்டிப்போனது.

மாடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். தகிய்யா அங்கேதான் இருப்பாள் என்று முக்பிலுக்குத் தெரியும். வெடிச்சத்தம் கேட்டதும் அவள் மாடிப்படி இறங்க வேண்டும், அதுதான் முறை. அவன் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினான். பள்ளத்தாக்கு முழுக்க அமைதி. கழனியில் குனிந்து நின்றவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். விசையை அழுத்தினான்.

'டிக்.'

தோட்டாவை மாற்றினான். மறுபடியும் அதே. மூன்றாவது தோட்டாவையும் போட்டு அழுத்தினான். அதுவும் வெடிக்கவில்லை.

"உம்ம மாதிரியே இருக்கு ஹுதைதாக்காரரே, நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுது" என்றார் ஹிஜாம். முற்றம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

முக்பிலுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஆனால் ஓடவில்லை. சுட்டுப் பார்த்தபோதே இது தெரியும் என்றும், இதைவிட நல்லது ஒன்று பக்கத்திலேயே இருந்தது என்றும், அதற்குப் பேர் இல்லாததால் விட்டுவிட்டு வந்தேன் என்றும் எல்லார் முன்னாலும் சொன்னான். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகியது. அந்த லேசில், யோசிக்காமல் வாயை விட்டான்.

"அதையே கொண்டு வரேன் மாமா. வியாழக்கிழமை வரேன்."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்தக் கிழமையின் பெயரை அந்த வீட்டில் ஏழு மாதமாக யாரும் உரக்கச் சொன்னதில்லை. மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் ஏழு மாதமாகக் கேட்காத குரல்.

"எந்த வியாழக்கிழமை?"

நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. "இந்த" என்றான் தரையைப் பார்த்து.

திங்கட்கிழமை சந்தை திறக்கும்போதே அவன் ஸினான் கடை வாசலில் நின்றான். பேரில்லாத துப்பாக்கி இல்லை. முந்தின நாளே ஒரு மேய்ச்சல்காரன் வந்து, இரண்டு தடவை சுட்டுப் பார்த்து, பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கொண்டுவந்த முத்திரையை ஸினான் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டான். முக்பில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினான். இப்போது அவன் முத்திரை பக்கம் திரும்பவே இல்லை, கையில் எடுத்ததையெல்லாம் ஓடைக்குக் கொண்டுபோய்ச் சுட்டான். ஒன்று உதைத்தது, ஒன்று குண்டை ஒரு பக்கமாக இழுத்தது, ஒன்று முதல் சூட்டிலேயே சிக்கிக்கொண்டது. புதன்கிழமை மாலை வரை ஒன்றும் தேறவில்லை. அந்தத் தகரப்பட்டைக்காரனை நினைத்து அவன் தோள் ஏங்கியது என்றால் நம்புவீர்களா? ஏங்கத்தான் செய்தது.

ஸினானே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னான். மேய்ச்சல்காரன் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊருக்குள் வருவான். விலையைக் கூட்டிக் கொடுத்துப் பேசி அதைத் திரும்ப வாங்கித் தருகிறேன், சனிக்கிழமை வா என்றான்.

தைஃபுல்லாவுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. "ரெண்டு நாள்தானடா. வெறுங்கையோட போய் நின்னேன்னு வை, போன தடவை சிரிச்சது போதாதுன்னு இன்னும் சிரிப்பானுங்க. சனிக்கிழமை அத எடுத்துட்டுப் போ. பள்ளத்தாக்கே அதிரும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. முக்பிலும் தலையாட்டினான். ஒழுங்காக வெடிக்கிற துப்பாக்கி, திருப்தியான மாமனார், படியிறங்கும் தகிய்யா. இரண்டே நாள். லாரியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினான். வாசலில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தகிய்யாதான் தெரிந்தாள். அன்றும் அவனுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. முந்தின வாரத்துக்கும் இருந்தது, அதற்கு முந்தின வாரத்துக்கும் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவன் மேட்டுப்பாதையில் ஏறி வருவதை ஹிஜாம் வீட்டு முற்றத்திலிருந்தே பார்த்தார்கள். தோள் காலியாக இருந்ததையும் பார்த்தார்கள்.

"துப்பாக்கி எங்க?" என்றார் ஹிஜாம்.

"வித்துட்டாங்க மாமா. திரும்ப வாங்கித் தர சனிக்கிழமை ஆகுங்கறாங்க."

"அப்ப சனிக்கிழமை வர்றதுதான?"

"வியாழக்கிழமைன்னு சொல்லியிருந்தேன்."

ஹிஜாம் அவனை நெடுநேரம் பார்த்தார். ஈடு இல்லாமல், வெடியும் இல்லாமல் எப்படி அனுப்புவது, ஊருக்கு எப்படித் தெரியும் என்று பக்கத்தில் இருந்தவர் இழுத்தார். அதற்குள் மாடிப்படியில் காலடி கேட்டது.

"நான் நடந்து போறதப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள் தகிய்யா. அண்ணியிடம் தன் செருப்பு எங்கே என்று கேட்டாள்.

அவள் முன்னால் நடக்க, அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். அவளுடைய நடை மாறவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று இருந்தது அவனுக்கு, லாரியும் வேண்டாம், ரோடும் வேண்டாம். கழனியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. ஊர் எல்லையில் அடக்கஸ்தலத்தின் சுவர் அருகே வந்ததும் நின்றாள். உள்ளே போய், ஓரமாக இருந்த அம்மாவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண் இன்னும் முழுசாக இறுகவில்லை. அவன் சற்றுத் தள்ளி நின்றான்.

அவள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

"உங்களால முடிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். "அன்னைக்கும் முடிஞ்சிருக்கும்."

மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தள்ளி உட்காரவில்லை.