முதலில் எந்த ஊர்

"இப்ப ஒன்னும் தெரியாது ஆன்ட்டி. டிசம்பர்ல பாக்கணும். பைப்புல தண்ணி கல்லாட்டம் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே சரசு போனை விடுதி ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். பெங்களூர் விவேக் நகரில், சாப்பிட்ட தட்டுகள் இன்னும் எடுக்கப்படாத மேசையில், தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்திருந்த லீனாவின் போனில் ஒரு மலைச்சரிவு வந்தது. தகரக் கூரைகள் சில. அவற்றுக்குக் கீழே வரிசை வரிசையாக ஆப்பிள் மரங்கள் என்று சரசு சொன்னாள். லீனாவின் அம்மா மௌரீனுக்கு அவை வெறும் புதர்களாகத்தான் தெரிந்தன.

சரசு கோலார் தங்கவயல் பெண். இமாச்சலில் லீனா சேர நினைக்கிற தோட்டக்கலைக் கல்லூரியில் மூன்றாம் வருடம். லீனாதான் எங்கோ தேடி அவளைப் பிடித்திருந்தாள். மௌரீன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். சாப்பாடு எப்படி, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயில் உண்டா. கேட்கும்போதே சோர்வாக இருந்தது. வாரம் முழுவதும் வைட்ஃபீல்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் வெறும் வயிறா என்று கேட்கிறவள் அவள். அதே குரல்தான் இங்கேயும் வந்தது.

"சோறு போடுவாங்க, ஆனா அது நம்ம சோறு இல்ல. கோயிலுக்கு சிம்லா போவணும். பஸ்ஸ வுட்டு இறங்குனா ரெண்டு கடை, அவ்ளோதான் ஊரு. மொத செமஸ்டர் பூரா அழுதுக்கினே இருந்தேன் ஆன்ட்டி. அப்புறம் பழகிப்போச்சி."

சரசு போனை வைக்கப்போகிற சமயத்தில் லீனா முன்னால் குனிந்தாள்.

"அக்கா, ராத்திரில ஏதாச்சும் சத்தம் இருக்குமா?"

"சத்தமா?" சரசு சிரித்தாள். "இங்க நாய்கூட சீக்கிரம் படுத்துக்கும். இன்னாத்துக்கு கேக்கற?"

"சும்மாதான்க்கா."

போன் அணைந்தது. லீனா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். மௌரீன் எழுந்திருக்கவில்லை. மண்ணைப் பற்றிக் கேட்பாள், பாடங்களைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்திருந்தாள். பெண் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

மூடியிருந்த அறைக்குள் லீனாவின் அண்ணன் க்ளென் யாருக்கோ தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், பக்கத்து அறைக்காரர்கள் சுவர் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. பெயர் நீளமான நோய், கூடவே மாத்திரைகள். மாத்திரை உள்ளே போனால் அவன் பழைய க்ளெனில் பாதியாவது இருப்பான். போகாத நாட்களில் வீட்டில் யாரும் தூங்க முடியாது. சுவரைத் தட்டுவான், தெருப் பக்கம் நின்று கத்துவான். அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். அப்பா ஓஸ்வால்டைக் கண்டால் கதவைச் சாத்துவான். லீனா கொடுத்தால் மட்டும் விழுங்குவான். அவள் என்ன செய்கிறாள் என்று மௌரீன் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அந்த வேளைகளில்தான் அவளுக்குக் கொஞ்சம் காலை நீட்ட நேரம் கிடைத்தது.

காலையில் ஓஸ்வால்ட் கம்பெனி வண்டி ஓட்டக் கிளம்பும்போது ஷூவை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தார்: "ஹெப்பால் பக்கத்துலயே அதே படிப்பு இருக்கு. ஆப்பிள் வெக்கறதுக்கு நம்மகிட்ட மலையா இருக்கு?" அதில் கோபம் இல்லை. மீதியை நீ சொல்லி முடித்துவிடு என்பதுபோல மனைவியைப் பார்த்துவிட்டுப் போனார். லீனாவின் மார்க்குக்கு இரண்டு கல்லூரியும் கிடைக்கும். விருப்பப் பட்டியலில் எந்த ஊரை முதலில் போடுகிறாளோ, அதுதான். நாளைக்குள் போட்டாக வேண்டும்.

சமையலறையிலிருந்து லீனா ஈரக் கையோடு வந்தாள்.

"பெங்களூரையே மொதல்ல போட்டுடறேன் மம்மி."

மௌரீன் அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தாள். காலையில் கோயிலில் முழங்காலில் இருந்தபோது கேட்டதும் அதைத்தான். கேட்டவுடன் தோள்கள் இரண்டும் தாமாகவே இறங்கின. இனி நாலு வருடத்துக்குக் கவலையில்லை. அந்த நினைப்பு முடிவதற்குள் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அதில் வருத்தம் எதுவும் இல்லை. வைட்ஃபீல்டிலிருந்து திரும்பும் மெட்ரோவின் கண்ணாடியில் தினமும் அவள் பார்க்கிற தன் முகம் அது. பதினெட்டு வயதுக்கு அந்தச் சோர்வு அதிகம்.

"மாத்திரை டப்பாவ குடு" என்றாள்.

"நான் குடுக்கறேன் மம்மி, நீ படு."

"குடு லீனா."

க்ளென் கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். மௌரீன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். ஒரு சிவப்பு மாத்திரை, ஒரு வெள்ளை.

"லீனா எங்க?"

"ஹால்ல இருக்கா. இன்னிக்கு நான் குடுக்கறேன்பா."

"அவள வரச்சொல்லு."

"நான்தான் குடுப்பேன்."

"நீ மாத்திக் குடுப்ப. எனக்குத் தெரியும்." காலால் எட்டி உதைத்தான். அவள் மறு கையிலிருந்த டம்ளர் தெறித்து, தண்ணீர் அவள் சேலையிலும் தரையிலும் கொட்டியது. டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. அவன் கத்தத் தொடங்கினான். மாடிவீட்டில் யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள்.

லீனா கதவருகே வந்துவிட்டாள். "மம்மி, நீ வெளிய வா. அஞ்சு நிமிஷத்துல நான் குடுத்துடறேன்."

மௌரீன் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ போய் அந்த மலை ஊர மொதல்ல போடு."

"என்ன?"

"அதத்தான். போடு."

"டாடி?"

"டாடிகிட்ட நான் பேசிக்கறேன்."

"இவனுக்கு யாரு..."

"நான் கத்துக்கறேன். நீ இங்க இருந்தா நான் கத்துக்க மாட்டேன் லீனா. எனக்கே தெரியும். உன் தலையில போட்டுட்டு போய்ப் படுத்துக்குவேன்." குரல் உயரவில்லை. அதற்கு அவளிடம் தெம்பும் இல்லை. "போ. கதவச் சாத்திட்டுப் போ."

லீனா சற்று நேரம் நின்றாள். அம்மா திரும்புவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. போட்டாளா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

க்ளென் கத்துவதை எப்போது நிறுத்தினான் என்பதை மௌரீன் கவனிக்கவில்லை. அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த மலை?"

இத்தனை நாளும் அவன் காதில் விழாமல்தான் எல்லாம் பேசியிருந்தார்கள். பொய் ஒன்று வாய்வரை வந்தது. அதைக் கோத்துச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

"இமாச்சல். லீனா அங்க படிக்கப் போறா. ரெண்டு நாள் ட்ரெயின்ல போவணும்."

"திரும்பி வருவாளா?"

"லீவுக்கு வருவா."

"குளுருமா?"

"ரொம்ப. தண்ணி கல்லாட்டம் ஆயிடுமாம்."

அவன் எழுந்தான். மௌரீன் அனிச்சையாகப் பின்னால் சாய்ந்தாள். அவன் அவளைக் கடந்து போய் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த துணிகளைக் கைநிறைய அள்ளி அள்ளித் தரையில், அந்தத் தண்ணீரின் மேலேயே போட்டான். அடித்தட்டிலிருந்து ஒரு ஜெர்கினை உருவினான். கல்லூரியில் போட்டுக்கொண்டிருந்தது, கருநீலம், மடிப்புகளில் வெளுத்திருந்தது. உதறிப் பார்த்தான். அதை லீனாவுக்குத்தான் எடுக்கிறான் என்று நினைத்தாள். அந்தக் குளிர் இங்கேயே வந்துவிட்டதுபோல அவன் தானே போட்டுக்கொண்டான். இப்போது இருக்கிற உடம்புக்கு அது இறுக்கம். மழை வராமல் புழுங்கிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டு, தொப்பியையும் தலைமேல் போட்டுக்கொண்டு, கட்டிலில் அவளுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான். நெற்றியில் வியர்வை முளைத்தது.

மௌரீன் கையை மடக்கவில்லை. மாத்திரையின் சிவப்பு அவள் உள்ளங்கை ஈரத்தில் கரைந்து, ரேகைகளின் வழியாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.