இருபத்துமூன்று நாளில் பதினாலு ஊர்

எங்கள் மாவட்டத்தில் பனி அள்ளும் லாரி எந்தத் தெருவுக்குள் எத்தனை மணிக்கு நுழைய வேண்டும் என்பதை முப்பத்தொரு வருடம் தீர்மானித்தவர் வெண்டல் ஹாகன். மினசோட்டாவின் பனி அவருக்குக் கட்டுப்பட்டதா என்பது வேறு விஷயம், லாரிகள் கட்டுப்பட்டன. ஓய்வு பெற்ற பிறகு ஏவுவதற்கு வீட்டில் லாரி இல்லை. அதனால் ஆல்ப்ஸ் மலையையும் இத்தாலியையும் கையில் எடுத்துக்கொண்டார்.

அவருக்கும் அவர் மனைவி லோர்னாவுக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஜூன் மாதத்தில் இருபத்துமூன்று நாள். சூரிச்சில் இறங்கி நேப்பிள்ஸில் ஏறுவதற்குள் பதினாலு ஊர். சாப்பாட்டு மேஜைக்கு மேல் இருந்த குடும்பப் படங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அட்டவணையை ஒட்டியிருந்தார். ரயிலுக்கு நீலம், சாப்பாட்டுக்கு மஞ்சள், பொழுது ஐந்து நிமிடக் கட்டங்களாக. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெனிஸுக்குக் காலை பத்தேகாலிலிருந்து மதியம் இரண்டரை வரை ஒதுக்கியிருந்தார். அதற்குள் 'அழகை ரசித்தல்' என்று ஒரு கட்டம், இருபது நிமிடம்.

"இருபது நிமிஷத்துல ரசிச்சு முடியலேன்னா?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு அஞ்சு நிமிஷம் கூடுதலா விட்டிருக்கேன், ஆர்னி. எனக்குத் தெரியாதா?"

லோர்னாவிடம் அட்டவணையை முதலில் காட்டியபோது என்ன சொன்னார் என்று விசாரித்தேன். "வித்தியாசமா இருக்குன்னு சொன்னா" என்றார் வெண்டல், பெருமையோடு.

எங்கள் ஊரில் யாரும் எதையும் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டோம். வித்தியாசமாக இருக்கிறது என்போம். புதுப் போதகர் கிதாரோடு தேவாலயத்துக்குள் நுழைந்தபோது ஊரே அப்படித்தான் சொன்னது. ஆறு மாதத்தில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பிடித்திருந்தால் "அவ்வளவு மோசமில்ல" என்போம். என் கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்து என் அப்பா சொன்னது அதைத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெண்டலும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் திட்டம் போட்ட மனிதனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

அந்த வாரம் தேவாலயத்தின் புதன்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு லோர்னாவும் நானும் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் பள்ளி நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். தாழ்ந்த குரலிலேயே பேசுவார். இத்தாலியில் போல்சானோவுக்கு மேலே ஒரு மலைக் கிராமம் இருக்கிறதாம், சிலர் அங்கே ஆறு ராத்திரி ஒரே அறையில் தங்குகிறார்களாம், ஜன்னலைத் திறந்தால் மலையாம், எங்கேயோ படித்தாராம். கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, "ஜூன் மாசத்துல இங்க நம்ம டுலூத்கூட நல்லாத்தான் இருக்கும். என் தங்கச்சி வீட்டுல இடம் இருக்கு" என்றார்.

இதை வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் தங்கை பாசம் என்று நினைத்திருப்பார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு ராத்திரி ஒரே ஜன்னல். இல்லையென்றால் வெண்டல் தனியாகத்தான் போக வேண்டும். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் சொன்னால் முன்பதிவு செய்த எல்லா அறைகளையும் நஷ்டமில்லாமல் ரத்து செய்யலாம். அன்றைக்கு மார்ச் பன்னிரண்டு.

வெண்டலிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் சொல்லமாட்டோம். நானும் சொல்லவில்லை.

வெண்டல் தன் திட்டத்தை இணையத்தில் பயணிகள் கூடிப் பேசும் ஒரு தளத்தில் ஏற்றினார். கருத்து கேட்கிறேன் என்று எழுதியிருந்தாலும் கைதட்டலுக்குத்தான் ஏற்றினார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் பிரமாதம் என்றார். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஒரு அம்மாள் இரண்டு ரயில் நேரங்களைத் திருத்திக் கொடுத்தார். மூன்றாவதாக 'நத்தை' என்ற பெயரில் ஒருவர் வந்தார். ஊர் பேர் எதுவும் இல்லை.

பதினாலு ஊர் என்றால் பதிமூன்று தடவை பெட்டி கட்ட வேண்டும், இடது முழங்காலை வைத்துக்கொண்டு இந்தப் படிகளையெல்லாம் எப்படி ஏறுவதாக உத்தேசம் என்று நத்தை கேட்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபதாவது நிமிடம் தூங்கிவிடுகிற மனிதர் இரண்டரை மணிக்கு ரயில் பிடிப்பாரா என்றும் ஒரு சந்தேகம். கடைசி வரி: மனைவியைக் கேட்டீர்களா?

மனைவிக்கு முழுச் சம்மதம் என்று வெண்டல் பதில் போட்டார். பிறகுதான் உறைத்தது. முழங்காலைப் பற்றி அவர் எங்கேயும் எழுதவே இல்லை.

மறுநாள் காலை என் கராஜுக்கு வந்து கதவைச் சாத்தினார். திருடர் கும்பல் என்பது அவர் கணக்கு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வீடு காலியாக இருக்கும் என்று தானே உலகத்துக்கு எழுதி வைத்துவிட்டாராம். இப்போது நோட்டம் விடுகிறார்களாம். அன்றே மூன்று கேமரா வாங்கினார். ஒன்று வாசலுக்கு, ஒன்று மாடிப்படிக்கு, ஒன்று என் வீட்டைப் பார்த்தபடி.

மூன்றாவது கேமராவைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஊரில் இல்லாத நாட்களுக்கு வீட்டுச் சாவி என்னிடம் இருப்பதாக ஏற்பாடு. ஆகவே சந்தேகப் பட்டியலில் நான்தான் முதல். அடுத்து இப்போதைய போதகர், அதற்கடுத்து முடிவெட்டுகிறவர். வெண்டல் எங்களுக்குப் பொறி வைத்தார். என்னிடம் தனக்கு மலைக்கயிற்று வண்டி என்றால் பயம் என்றார். போதகரிடம் பாலாடைக்கட்டி ஒத்துக்கொள்ளாது என்றார். முடிவெட்டுகிறவரிடம் வேறொன்று. எந்தப் பொய் நத்தையின் வாயிலிருந்து வருகிறதோ அந்தப் பொய்யைக் கேட்ட ஆள் மாட்டினான். லோர்னாவுக்குப் பொய் எதுவும் ஒதுக்கவில்லையா என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"அவளுக்குக் கம்ப்யூட்டர்ல என்ன தெரியும்?" என்றார். மாவட்டத்துப் பள்ளிகளிலேயே நூலகத்தை முதலில் கம்ப்யூட்டருக்கு மாற்றியவர் லோர்னா.

பத்து நாள் ஆயிற்று. மூன்று பொய்யில் ஒன்றும் திரும்பி வரவில்லை. வந்தது உண்மை. செவ்வாய்க்கிழமை காலை முதுகுப்பையில் செங்கல் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பழகிய ஒருவர், ஏழாவது படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தார், அவரை நம்பி ஆல்ப்ஸ் காத்திருக்கிறது என்று நத்தை எழுதியிருந்தது.

வெண்டல் வெளுத்துப்போனார். அவர் படியில் உட்கார்ந்திருந்தபோது வீட்டில் லோர்னா மட்டும்தான், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தாராம். ஆகவே கேமரா வழியாகத்தான் பார்க்கிறார்கள். திருடனைப் பிடிக்க வாங்கிய மூன்று கேமராக்களையும் அன்று மாலையே பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி காலை வீட்டின் இணைய இணைப்பையே பிடுங்கி வைத்துவிட்டு, ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய் அங்கிருந்து நத்தையைச் சீண்டி எழுதினார். யார் நீ, எங்கிருந்து பார்க்கிறாய் என்று. பதில் இல்லை. மாலைவரை இல்லை. வீட்டுக்குத் திரும்பி இணைப்பைச் செருகினார். நாலாவது நிமிடம் பதில் வந்தது: "பக்கத்திலிருந்து."

நேரே என் வீட்டுக்கு ஓடி வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் சமையலறைவரை வந்துவிட்டார். எங்கள் ஊரில் தீப்பிடித்தால்கூட அப்படி யாரும் வருவதில்லை.

"ஆர்னி, அவன் என் வீட்டுக்குள்ளயே இருக்கான்."

"யாரு?"

"நத்தை. கீழ்த்தளம் பாத்துட்டேன். பரண் பாத்துட்டேன். யாரும் இல்ல."

"வேற யாருமே இல்லையா வீட்ல?"

"லோர்னாதான் இருக்கா. அடுப்படியில. டேப்லெட்டைப் பாத்து ஏதோ சமையல் குறிப்பு…"

என் ஜன்னல் வழியாகத் தன் வீட்டுச் சமையலறை விளக்கை வெகுநேரம் பார்த்தார். முப்பத்தொரு வருடம் லாரிகளுக்கு வழி சொன்ன முகத்தில் இப்போது எந்தத் தெருவும் இல்லை. முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அந்த அம்மாள் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"பேசிப் பாருங்களேன், வெண்டல்" என்றேன்.

என்னை ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டவனைப் போலப் பார்த்தார். அப்புறம் குனிந்து, தன் பூட்ஸிலிருந்து உருகிய பனியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் பேசவில்லை. ஆனால் அன்று இரவு எட்டு மணிக்குத் தளத்தில் நத்தைக்கு ஒரு கேள்வி இருந்தது. மரியாதையான கேள்வி. போல்சானோவுக்கு மேலே ஒரு கிராமத்தில் தங்குவதானால் அறை எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்? பதில் வந்தது: கிழக்குப் பக்கம், மலையைப் பார்த்து, முழங்கால் வலி இருப்பதால் தரைத்தளம். எத்தனை ராத்திரி என்று அடுத்த கேள்வி. ஆறு. மாடியில் அவர், அடுப்படியில் அவர் மனைவி, நடுவில் பதினாலு படி. கேள்வியும் பதிலும் கடல் தாண்டி எந்தத் தேசத்துக் கம்பியிலோ போய்ச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஆஸ்திரேலியக்காரர் இடையில் புகுந்து, ஆறு ராத்திரி ஒரே இடத்தில் என்பது பைத்தியக்காரத்தனம் என்றார். வெண்டல் அவரை வாயை மூடச் சொன்னார், கொஞ்சம் நாகரிகமாக.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி புதுத் திட்டம் ஏறியது. ஏழே ஊர். வெனிஸுக்கு மூன்று முழு நாள். கட்டங்களை விட முடியுமா அந்த மனிதரால்? மலைக் கிராமத்தின் ஆறு நாளுக்கும் கட்டம் இருந்தது, காலை ஆறிலிருந்து ராத்திரி பத்துவரை. எல்லாக் கட்டத்திலும் ஒரே வரி: 'லோர்னாவைக் கேட்கவும்.'

நத்தை ஒரு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. பத்தாம் தேதி மதியம் நானும் என் வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெண்டல் மாடி ஜன்னலில் தெரிந்தார், அசையாமல். ஒன்று நாற்பதுக்கு வந்தது.

"அவ்வளவு மோசமில்லை."

உலகம் கொதித்துவிட்டது. ஒரு மனிதர் வாரக்கணக்கில் உழைத்து, நீ சொன்னபடியெல்லாம் மாற்றியிருக்கிறார், நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று ஃபிராங்ஃபர்ட் அம்மாள் நத்தையைக் காய்ச்சி எடுத்தார். ஆஸ்திரேலியக்காரர் அதற்கு ஒருபடி மேலே போனார்.

சனிக்கிழமை, ஜூனுக்கான சாவியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரில் அட்டவணை இல்லை. குடும்பப் படங்கள் திரும்பி வந்திருந்தன. நத்தையின் அந்த ஒற்றை வரியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார் வெண்டல். லோர்னா அதைத் திறந்து பால் எடுத்து, மூடி, எனக்குக் காபி ஊற்றினார்.

"யாரோ ஐரோப்பாவுல ஒரு நிபுணராம். வெண்டலுக்கு ரொம்ப உதவி செஞ்சாராம்" என்றார்.

வெண்டல் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டைப் பார்த்த கேமரா இருந்த இடத்தில் ஆணி இன்னும் அப்படியே இருந்தது.